பழத்தோட்டம் காத்த பெருமக்கள்: நாம் பட்ட கடன்

தியாகராய நகரிலே நடந்து பழகிய தோழர்கள் அறிவார்கள். அந்தப் பகுதியின் பெயரே ஒரு தலைவரின் பெயர். பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். கடைத்தெருவுக்குச் சௌந்தரபாண்டியனார் பெயர். சாலைக்கு உஸ்மான் பெயர். அடையாற்றுப் பக்கம் சென்றால் புற்றுநோய் மருத்துவமனை. 1954இல் அது எழக் காரணமாயிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை வாழ்த்தாத நாவில்லை. நாட்டுக்கு உழைத்தவரை நாடு மறக்கவில்லை என்பதற்கு இவையெல்லாம் சான்று. பெருமைப்படுகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. அதே கடைத்தெருவில், வெயிலில் வெந்து வரும் தொழிலாளி தள்ளுவண்டியின் முன் நின்று ஒரு குவளை சாத்துக்குடிச் சாறு வாங்கிக் குடிக்கிறானே. மயிலாப்பூர்க் குளத்தருகே கூடைக்காரி எலுமிச்சம்பழத்தைக் கூறு கட்டி விற்கிறாளே. அந்தப் பழமரங்களை உள்ளிருந்தே அரித்த நோய் எது, அதைச் சுமந்து திரியும் பூச்சி எது என்று நம் நாட்டில் ஆராய்ந்து அறிவித்த அறிஞரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எஸ்.பி. கபூர் என்பது அவர் பெயர். பூனாவிலே, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கிளை நிலையத்திலே, செடிகளின் நோய்களை ஆராய்ந்தவர். அவருடன் தோளோடு தோள் நின்றவர்கள் டி.ஜி. ராவ், எஸ்.எம். விஸ்வநாத். 1967இல் இந்த மூவரும் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைதான், சாத்துக்குடிக்கும் கமலாவுக்கும் எலுமிச்சைக்கும் எமனாக வந்த நோயைப் பரப்பும் பூச்சி எது என்பதை நம் நாட்டு உழவனுக்குத் தெளிவாக்கியது. மேடையில்லை, மாலையில்லை, முழக்கமில்லை. கூண்டுக்குள் செடி, செடிமேல் பூச்சி, கையிலே குறிப்பேடு. அவ்வளவுதான் அவர்களின் படைக்கலம்!

"பழத்தைப் பற்றிப் பாட்டாளிக்கு என்ன பேச்சு? அது பணக்காரன் வீட்டு மேசைப் பொருளல்லவா?" என்று கேட்பவர் இருக்கலாம். ஆப்பிளைப் பற்றி அப்படிக் கேட்டாலும் கேட்கலாம்; எலுமிச்சையைப் பற்றிக் கேட்க முடியுமா? பழைய சோற்றுக்குத் துணை எலுமிச்சை ஊறுகாய். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு வாய்க்கசப்பு மாற்றுவது எலுமிச்சை. கட்டுச்சோறு கட்டும் தாய்க்குக் கை கொடுப்பது எலுமிச்சை. தென்காசிப் பக்கத்துப் புளியங்குடியிலே பழம் பறிக்கும் கை, கோயம்பேட்டு அங்காடியிலே மூட்டை சுமக்கும் தோள், தெருவிலே வண்டி தள்ளும் கால் எல்லாம் உழைப்பாளியினுடையவை. மரம் பட்டால் முதலில் வாடுவது இவர்கள் வயிறுதான்.

மரம் எப்படிப் படுகிறது? ஒரே நாளில் அல்ல. செழித்து நிற்கும் மரத்திலே ஒரு கிளை மட்டும் மஞ்சள் பூக்கும். இலையிலே திட்டுத் திட்டாக மஞ்சளும் பச்சையும். அடுத்த ஆண்டு இன்னொரு கிளை. பழம் சிறுக்கும், ஒரு பக்கம் சாய்ந்து கோணலாகும், பழுக்க வேண்டிய காலத்திலும் அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும், வெட்டிப் பார்த்தால் விதை சூம்பியிருக்கும், வாயில் வைத்தால் கசக்கும். பிறகு கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். பழம் பச்சையாகவே நிற்பதால் அறிஞர்கள் இதற்குப் 'பசுமை நோய்' என்று பெயரிட்டார்கள். பசுமை என்றால் நமக்கு வளம். இந்தத் தோட்டத்திலோ பசுமைதான் பாழ்!

உழவன் என்ன செய்வான்? மண்ணிலே சத்துக் குறைவு என்பான். எரு வாங்கிக் கொட்டுவான். நோயுற்ற இலை, துத்தநாகச் சத்துக் குறைந்த இலையைப் போலவே இருக்கும். ஆகவே அவன் நினைத்ததில் தவறில்லை. தண்ணீர் கூடிவிட்டது என்பார் ஒருவர். குறைந்துவிட்டது என்பார் இன்னொருவர். எவரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லவும் ஊரில் ஆள் உண்டு. வேடிக்கையைப் பாருங்கள், தோழர்களே! வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினால் கண்ணேறு அண்டாது என்கிறார்கள். புது மோட்டாரின் சக்கரத்தடியில் வைத்து நசுக்கினால் விபத்து வராது என்கிறார்கள். ஊரையெல்லாம் காக்கும் ஆற்றல் கொண்ட பழத்துக்குத் தன் மரத்தைக் காத்துக்கொள்ளத் தெரியவில்லையே! மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சியிடம் தோற்றுப் போயிற்றே!

அந்தப் பூச்சியைச் 'சில்லா' என்று பூச்சியியலார் அழைப்பார்கள். பழுப்புப் புள்ளிகள் படர்ந்த இறகு. இளந்துளிரிலே வந்து அமரும். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, பணிவே உருவானது போல் உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே சாற்றை உறிஞ்சும்! (பொது வாழ்விலும் இப்படிப்பட்ட பணிவுப் பூச்சிகளை நாம் பார்த்திருக்கிறோம்.) ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் கொழுந்திலேதான். ஆகவே மரம் எப்போது துளிர்க்கிறதோ அப்போதெல்லாம் அதற்குத் திருவிழா. நம் வீட்டுக் கொல்லையிலே நிற்கும் கறிவேப்பிலைச் செடியும் அதற்குப் பிடித்த இருப்பிடம்.

இதைப் பற்றிய ஆராய்ச்சி நம் மண்ணில் புதிதல்ல. அன்றைய பஞ்சாபின் லயால்பூரில், இன்று அது பாகிஸ்தானில் பைசலாபாத், அப்சல் உசேன், தீனாநாத் என்ற இரு பூச்சியியலார் 1927இலேயே இந்தப் பூச்சியின் வரலாற்றை விரிவாக எழுதினார்கள். மரங்கள் பட்டுப்போவதைக் கண்டார்கள். பூச்சி ஏதோ நஞ்சைச் செலுத்துகிறது என்று கருதினார்கள். ஒரு முசல்மானும் ஓர் இந்துவும் ஒரே மேசையில் அமர்ந்து உழவனுக்காக உழைத்த காட்சி அது. நாட்டைப் பிரித்தவர்களால் அந்த ஏட்டைப் பிரிக்க முடியவில்லை. எல்லையின் இருபுறத்து ஆராய்ச்சியாளரும் இன்றும் அதைப் புரட்டித்தான் தொடங்குகிறார்கள்.

ஆனால் பூச்சி உறிஞ்சுவதால் மட்டும் மரம் சாகிறதா? அல்லது பூச்சி வேறெதையோ சுமந்து வருகிறதா? அதுதான் அவிழாத முடிச்சு. 1956இல் சீன அறிஞர் லின் குங்சியாங், நோயுற்ற மரத்தின் மொட்டை நல்ல செடியில் ஒட்டுக் கட்டினால் நல்ல செடியும் நோயுறும் என்று நிலைநாட்டினார். அப்படியானால் இது மண்ணின் குற்றமல்ல, தொற்றுநோய்! 1965இல் தென்னாப்பிரிக்காவில் மக்லீன், ஓபர்ஹோல்சர் இருவரும் அங்குள்ள வேறொரு சில்லாப் பூச்சி இந்நோயைப் பரப்புவதைக் காட்டினார்கள். 1966இல் ஆஸ்திரேலிய அறிஞர் லிலியன் ஃபிரேசர் அம்மையார், நம் கபூர், நரியானி முதலியோருடன் சேர்ந்து, இந்தியத் தோட்டங்கள் நுனியிலிருந்து காய்ந்து வருவதற்குப் பெரும்பாலும் இந்தப் பசுமை நோயே காரணம் என்று எழுதினார்.

எஞ்சியது ஒரே கேள்வி: நம் நாட்டில் அதைச் சுமப்பது எது? அதற்கான விடைதான் 1967ஆம் ஆண்டுக் கட்டுரை. இத்தகைய ஆராய்ச்சியின் வழி எளிது, பொறுமைதான் அரிது. நோயுற்ற செடியில் பூச்சியை விட்டு உண்ணச் செய்ய வேண்டும். பிறகு அதைப் பூச்சி புகாத கூண்டிலுள்ள நல்ல செடிக்கு மாற்ற வேண்டும். பக்கத்திலே பூச்சியே படாத செடியையும் வைக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும், மாதக் கணக்கில்! பூச்சி படாத செடி நலமாய் நிற்க, பூச்சி பட்ட செடி மஞ்சளானால் குற்றவாளி யார் என்பது விளங்கிவிடும். கபூரும் தோழர்களும் சில்லாப் பூச்சியைக் குற்றக் கூண்டிலேற்றினார்கள், குற்றம் மெய்ப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டிலும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார்கள்.

இதன் பெருமையை அறிய, சிகந்தராபாத்தில் 1897இல் ரொனால்டு ராஸ் கண்டதை நினைத்துப் பாருங்கள். மலேரியாவைக் கெட்ட காற்றின் விளைவு என்று உலகம் நம்பிய நாளில், கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்து "இதோ கிருமி!" என்றார். அன்றுமுதல் மனிதன் காற்றோடு சண்டையிடுவதை விட்டான், கொசுவோடு சண்டையிட்டான். கூவத்தங்கரையில் குடியிருக்கும் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராஸுக்கு மனித நோய்; கபூருக்கு மர நோய். ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு. கபூரின் பெயரோ ஆராய்ச்சி ஏடுகளின் அடிக்குறிப்பில்!

பூச்சி சுமந்து வருவது எதை? முதலில் வைரஸ் என்றே எண்ணினார்கள். 1970இல் பிரெஞ்சு அறிஞர் லாஃப்லெஷும் போவேயும் மின்னணு உருப்பெருக்கியில் பார்த்தபோது, அது பாக்டீரியாவைப் போன்ற உயிர் என்று தெரிந்தது. மரத்தின் உணவு ஓடும் குழாய்களில் அது குடியேறுகிறது. இலை சமைத்த உணவு வேருக்குப் போகாமல் வழியடைகிறது. வேர் பட்டினியில் வாடுகிறது. உழைப்பவனுக்குக் கூலி போய்ச் சேராமல் நடுவிலே வழிமறிப்பவனைப் போல! 1994இல் அந்தக் கிருமிக்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். அதற்கு ஆதாரமாக ஆராயப்பட்டது எந்த ஊரிலிருந்து சென்ற கிருமி தெரியுமா? பூனா! கபூர் உழைத்த அதே ஊரின் பெயர் அந்த ஆராய்ச்சியில் நிலைத்துவிட்டது.

கண்டுபிடித்ததோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1973இல் திருமலாச்சாருடன் சேர்ந்து, கிருமிகொல்லி மருந்துகளால் நோயுற்ற செடிகளைத் தேற்ற முடியுமா என்று சோதித்து எழுதினார். அந்த வகை மருந்து நோயை அடக்கும், அடியோடு ஒழிக்காது. ஆயினும் அந்த வழியின் பயனை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைக் கேட்டால் தெரியும். அங்கே 1998இல் பூச்சி புகுந்தது. 2005இல் நோய் வெளிப்பட்டது. 2003-04 பருவத்தில் ஏறத்தாழ 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. பெட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 41 கிலோ. 2022-23 பருவத்தில் விளைந்தது 2 கோடிப் பெட்டிக்கும் குறைவு. புயலும் ஒரு காரணம். பெருங்காரணம் இந்த நோய். சாறு பிழியும் ஆலைகள் மூடின; ஆட்கள் வீதிக்கு வந்தார்கள். இப்போது அங்குள்ள தோட்டக்காரர்கள் மரத்தின் தண்டில் கிருமிகொல்லியை ஊசி போட்டு, எஞ்சியதைக் காக்கப் போராடுகிறார்கள். செல்வத்தில் புரளும் வல்லரசே தவிக்கிறது என்றால், இரண்டு ஏக்கர் உழவன் எம்மாத்திரம்?

நோய்க்கு முழு மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் தடுக்கும் வழி உண்டு. அதிலும் இந்திய மண்ணின் பங்கு உண்டு. பஞ்சாபில் பிடித்த ஒரு சிறு குளவிக்கு 1922இல் வாட்டர்ஸ்டன் என்ற அறிஞர் பெயர் வைத்தார். ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். சில்லாப் பூச்சியின் குஞ்சுக்கு அடியில் அது முட்டையிடும்; குளவிக் குஞ்சு பூச்சிக் குஞ்சைத் தின்று தீர்க்கும்; வெறுங்கூடு மட்டும் எஞ்சும். ரீயூனியன் தீவிலே பசுமை நோய் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, 1978இல் இந்தியாவிலிருந்து இந்தக் குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். பூச்சி அடங்கியது, தோட்டம் பிழைத்தது. அந்தத் தீவு எது தெரிகிறதா? நம் தமிழர் கரும்புக் காட்டில் கூலிகளாகக் கசங்கக் கப்பலேற்றப்பட்ட தீவு! முன்பு நம்மவர் வியர்வை அந்தத் தீவை வளர்த்தது. பின்பு நம் நாட்டுக் குளவி அதன் மரங்களைக் காத்தது.

எலுமிச்சை இனத்துக்கு இன்னொரு பகையும் உண்டு. அசுவினி என்னும் செடிப்பேன் பரப்பும் 'டிரிஸ்டெசா' வைரஸ் அது. அந்தச் சொல்லுக்குத் துயரம் என்று பொருள். நம் நாட்டில் அசுவினி அதைப் பரப்புவதை வாசுதேவா, வர்மா, ராவ் மூவரும் 1959இல் எழுதினார்கள். பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பாலராமன், ராமகிருஷ்ணன் இருவரும் வலுக்குறைந்த கிருமியை முன்னதாகவே செடிக்கு ஏற்றி, வலுவான கிருமியைத் தடுக்க முடியும் என்று எலுமிச்சையில் காட்டினார்கள். கிண்டி கிங் நிலையத்தில் அம்மைப் பால் செய்து மனிதனுக்குக் குத்தினார்களே, அதே தத்துவம் மரத்துக்கும்!

அறிவு இருக்கிறது. ஆனால் தோட்டம்? கொடைக்கானல் கீழ்மலையிலே, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளிலே, காப்பிச் செடிகளுக்கு நடுவே கமலா ஆரஞ்சு காய்த்துக் குலுங்கிய காலம் ஒன்றிருந்தது. அது நலிந்ததற்குக் காரணங்கள் பல. இந்த நோயும் அவற்றுள் ஒன்று. 1967இல் பூச்சியின் பெயர் தெரிந்தது. அதற்குப் பிறகும் நோய் ஏன் நடமாடுகிறது? பூச்சி பறக்கும் தொலைவு குறைவு. மனிதன் தூக்கிச் செல்லும் நாற்றுக்கோ தொலைவே இல்லை! நோயுற்ற மரத்தில் மொட்டெடுத்து ஒட்டுக் கட்டிய சாத்துக்குடிக் கன்று, பார்வைக்குப் பச்சைப் பசேல் என்றிருக்கும். உழவன் காசு கொடுத்து நோயை வாங்கி, வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறான். நான்கைந்து ஆண்டு நீர் ஊற்றி, பலன் காணும் வேளையில் மரம் மஞ்சளாகிறது. ஏமாந்தவன் உழவன், ஏமாற்றியது எது? ஏட்டிலே தூங்கிய அறிவு!

நாகபுரியில் 1985இல் எலுமிச்சை இனத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. துளிரின் நுனியை மட்டும் ஒட்டி நோயற்ற கன்றை உருவாக்கும் முறை அங்கே நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கன்று புளியங்குடிச் சிறு உழவனுக்கு, அவன் கைக்கு எட்டும் விலையில், கேட்ட நாளில் கிடைக்க வேண்டும். பூச்சி புகாத வலைக்கூடாரத்தில் வளராத ஒட்டுக் கன்று சந்தைக்கு வரக்கூடாது. இது முதல் கோரிக்கை.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது. நோயுற்ற மரத்தை வெட்டி எறி என்கிறது அறிவியல். சொல்வது எளிது! பாதிக் காய்ப்பாவது தரும் மரத்தை எந்த ஏழை வெட்டுவான்? அந்த மரத்தை அவன் வெட்டினால் காப்பாற்றப்படுவது அண்டைத் தோட்டம், ஊர், நாளைக்குக் கோயம்பேட்டுக்கு வரும் மூட்டை. ஊருக்காக ஒருவன் வெட்டும் மரத்தின் இழப்பை அவன் ஒருவனே சுமப்பது என்ன நியாயம்? அரசு அதில் பங்கேற்க வேண்டும். வெட்டிய மரத்துக்கு ஈடும், நடுவதற்கு நல்ல கன்றும், அது காய்க்கும்வரை வயிற்றுக்கு வழியும் வேண்டும். அப்போதுதான் ஆராய்ச்சியாளன் சொல் தோட்டத்தில் நடக்கும்.

நகரத்தில் இருக்கும் நமக்கும் வேலை உண்டு. பொங்கலுக்கு ஊர் போகும் தோழர்கள், அடையாற்று வீட்டுத் தொட்டியிலிருந்து கறிவேப்பிலைக் கன்றையோ எலுமிச்சைக் கன்றையோ பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதுண்டு. அன்பளிப்புத்தான், ஆனால் அதன் துளிரில் சில்லாப் பூச்சி ஒட்டியிருந்தால், ஊர்த் தோட்டத்துக்கு அதுவும் சேர்ந்தல்லவா போகும்! கன்று வேண்டுமென்றால் ஊருக்கருகே நல்ல நாற்றங்காலில் வாங்குங்கள். தோட்டம் வைத்திருக்கும் அண்ணனிடம் சொல்லுங்கள்: கண்டபடி மருந்தடித்தால் பூச்சியோடு சேர்ந்து குளவியும் சாகும், வேளாண்மை அலுவலரைக் கேட்டு, துளிர் விடும் காலம் பார்த்து அடிப்பதே அறிவு.

1995இல் சீனத்தின் ஃபூசௌ நகரில் கூடிய உலக அறிஞர்கள், இந்த நோய்க்கு லின் குங்சியாங் தாய்மொழியிலே வழங்கிய பெயரையே, 'மஞ்சள் தளிர் நோய்' என்று பொருள்படும் ஹுவாங்லாங்பிங் என்பதையே, பொதுப் பெயராக ஏற்றார்கள். முன்னோடிக்கு உலகம் செய்த மரியாதை அது. கபூருக்கும் ராவுக்கும் விஸ்வநாத்துக்கும் நாம் என்ன செய்யப் போகிறோம்?

சிலை கேட்கவில்லை, சாலைப் பலகையும் இப்போது கேட்கவில்லை. நம் படிப்பகங்களில் தலைவர்களின் வரலாற்றோடு இவர்கள் வரலாறும் ஒருநாள் பேசப்படட்டும். தோட்டத்துக்கு வரும் ஒவ்வொரு கன்றும் நோயற்ற கன்றுதானா என்று கேட்கும் குரல் ஒவ்வோர் ஊரிலும் எழட்டும். அறிஞன் கண்டதை உழவன் கையில் சேர்ப்பது அரசின் வேலை. சேர்ந்ததா என்று கேட்பது நம் வேலை. பட்ட கடனை அப்படித்தான் அடைக்க வேண்டும்.